தகரப்பெட்டிக்குள் இருந்த படைவீரர்

(கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாரமெல்லாம் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து உழைத்த நீங்கள், கிடைத்த ஒரு நாள் ஓய்வில் பேருந்து ஏறி இங்கு வந்திருக்கிறீர்கள். துணிமணி வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொருள் வாங்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் திரும்பவும் வேண்டும். இத்தனைக்கும் இடையில் எங்கள் பேச்சைக் கேட்க அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நேரத்தை வீணாக்காமல், உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் கூடியிருக்கும் இவ்விடம் தமிழருக்குப் புதிய இடமன்று. இந்திய முஸ்லிம் பெருமக்கள் 1863ஆம் ஆண்டில் இங்கே மரத்தால் ஒரு சிறு பள்ளிவாசலைக் கட்டினர். 1960களில் அவ்விடத்திலேயே இன்றைய கட்டடம் எழுந்தது. இந்த வட்டாரத்துக்கே அப்பள்ளிவாசலின் பெயர்தான் வழங்குகிறது. தமிழில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு கேட்கும் இடம் அது. அதன் அருகே துணிக்கடை, நகைக்கடை, பூக்கடை, உணவுக்கடை என்று பல தலைமுறைகளாகத் தமிழ் ஒலித்து வருகிறது.

இவ்வீதிகளில் ஒரு காலத்தில் வடை வாங்கினால் பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள். வடையைத் தின்றபின் எண்ணெய் படிந்த அத்தாளைக் கசக்கி எறிந்துவிடுவோம். அதில் யாருடைய பெயர் அச்சாகியிருந்தது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? யாரோ ஒருவருடைய பாட்டனாரின் பெயர் அதில் இருந்திருக்கலாம் அல்லவா? அந்தத் தாளைப் பற்றியும், நம் வீட்டுத் தகரப்பெட்டிகளைப் பற்றியுமே இன்று பேச வந்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

முதலில் எங்கள் குடும்பத்துச் செய்தியையே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பாட்டனார் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943ஆம் ஆண்டில், ஜப்பானியர் ஆட்சியின்போது, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் லயத்து வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். திரும்பி வரவே இல்லை. அவர் சயாமுக்கு ரயில் போடப் போய் மாண்டார் என்று தோட்டத்தில் சிலர் சொன்னார்கள். வேறு சிலர், அங்கேயே இன்னொரு பெண்ணை மணந்துகொண்டு தங்கிவிட்டார் என்றார்கள். பாட்டியார் மட்டும் ஒரே சொல்லைத்தான் கடைசிவரை சொல்லிவந்தார்: “அவர் பட்டாளத்துக்குப் போனார்.”

அதை எவரும் நம்பவில்லை. பட்டாளத்துக்குப் போனவருக்குக் கடிதம் இல்லை, பதக்கம் இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஓடிப்போன கணவனை மறைக்க அந்த அம்மாள் கதை கட்டுகிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பாட்டியார் மறுமொழி கூறாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாராம். அவ்வாறே வாழ்ந்து, அவ்வாறே கண்ணை மூடினார்.

அவர் விட்டுச்சென்ற தகரப்பெட்டியில் ஒரு பழைய பஞ்சாங்கம் இருந்தது. அதன் ஏடுகளுக்கு இடையே ஒரு நிழற்படம் இருந்தது. நாற்காலி ஒன்றைப் பற்றியபடி, தொப்பி அணிந்த ஓர் இளைஞர் நிற்கிறார். மார்புப் பகுதியில் காசளவுக்கு ஓர் ஓட்டை. படத்தின் பின்புறத்தில் கோலாலம்பூரில் இருந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையும், பென்சிலால் எழுதிய ஓர் எண்ணும் இருந்தன. அந்த எண் 2604. ஓட்டை பிள்ளைகள் செய்த குறும்பு என்றும், 2604 என்பது கடைக்காரரின் கணக்கு எண் என்றும் நாங்கள் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அந்த இரண்டு எண்ணங்களுமே தவறு என்பது பின்னரே தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லுமுன் அக்காலத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு பாதைகள்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஈராண்டுக்குள் தோட்டங்களின் நிலை தலைகீழாயிற்று. ரப்பரை வாங்கி வந்த நாடுகளுக்குக் கப்பல் போகவில்லை. வேலை குறைந்தது, அரிசி அருகியது, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

அந்த வேளையில் தோட்டத்து இளைஞர் முன் இரண்டு பாதைகள் கிடந்தன. ஒன்று, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட ரயில்பாதை. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்டவர் பெருந்தொகையினர். அவர்களில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை.

மற்றொன்று, இந்திய தேசிய இராணுவம். சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியப் படைவீரர்களைக் கொண்டு 1942இல் முதன்முதல் அமைக்கப்பட்ட அப்படை, அவ்வாண்டின் இறுதியிலேயே கலைந்தது. 1943 ஜூலை 2ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இரண்டு நாளில் இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையை ஏற்றார். 1943 அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அவர் வந்தபின் படையில் சேர்ந்தவர்கள் போர்க்கைதிகள் மட்டும் அல்லர். அதுவரை துப்பாக்கியைத் தொட்டும் அறியாத பால்மரத் தொழிலாளர், கிராணிமார், கடைச் சிப்பந்திகள், ஆசிரியர்கள் எனப் பொதுமக்கள் பல்லாயிரவர் சேர்ந்தனர். அவர்களுள் தமிழரே மிகுதி.

பெண்களும் பின்தங்கவில்லை. ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்கு டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை தாங்கினார். அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப்பெண்கள். தோட்டத்துப் பெண்கள் பலர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் என்னும் பதின்ம வயதுப் பெண், நேதாஜியின் வேண்டுகோளைக் கேட்ட அளவிலேயே தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். தந்தையார் மறுத்தும் மனந்தளராது இசைவு பெற்றுப் படையில் சேர்ந்து அதிகாரியானார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று இந்நாடு அவரை அறிந்தது. 2000ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்ற அவர் 2014இல் மறைந்தார்.

அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. ஆனால், அவர்கள் பின்னே வரிசையில் நின்ற பால்மரத் தொழிலாளியின் பெயர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அவருடைய வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.

இன்னும் ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படையில் சேர்ந்த எல்லாரையும் ஒரே காரணம் அழைத்துச் செல்லவில்லை. நாட்டுப்பற்றால் சென்றவர் உண்டு. பசியால் சென்றவர் உண்டு. சயாம் ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்படாமல் தப்பச் சென்றவரும் உண்டு. ரயிலுக்கு ஆள் பிடித்த அதே ஜப்பானியரே இப்படைக்குத் துணைநின்றனர் என்பதும் வரலாறு. நம் முன்னோரைப் போற்றுவதற்காக இவற்றுள் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அவர்கள் நின்ற இடம் எவ்வளவு இடுக்கமானது என்பதை அறிந்தால் நம் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

பழைய செய்தித்தாள் சொன்ன கணக்கு

இனி எங்கள் படத்துக்கு வருவோம்.

எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், பாடசாலை வேலையொன்றின் பொருட்டுப் போர்க்காலச் செய்தித்தாள்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரை ஜப்பானியர் சியோனான் என்று பெயர் மாற்றியபோது, அங்கு வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழும் சியோனான் டைம்ஸ் ஆயிற்று. பின்னர் சியோனான் ஷிம்பன் என்றும் வழங்கிற்று. அவ்விதழின் தலைப்பில் நாளும் மாதமும் வழக்கம்போல் இருந்தன. ஆண்டு மட்டும் 2603 என்றிருந்தது. அச்சுப்பிழையோ என்று அடுத்த இதழைப் பார்த்தார். அதிலும் அவ்வாறே இருந்தது.

அது பிழையன்று. ஜப்பானியர் தங்கள் முதற்பேரரசரின் காலத்திலிருந்து ஆண்டை எண்ணும் முறை அது. நாம் வழங்கும் ஆண்டுடன் 660ஐக் கூட்டினால் அந்த ஆண்டு வரும். 1942 என்பது 2602. 1943 என்பது 2603. அப்படியானால் 2604 என்பது 1944ஆம் ஆண்டு!

பிள்ளை ஓடிவந்து அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டியபோது எங்களுக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. ரயில்பாதை இணைந்தது 1943 அக்டோபரில். அதற்குப் பின்னும் பாதையைப் பழுதுபார்ப்பதற்குப் பலர் அங்கேயே நிறுத்தப்பட்டனர் என்பது மெய்தான். ஆனால் ரயிலடியில் கிடந்த தொழிலாளிக்குச் சீருடை ஏது? தொப்பி ஏது? கோலாலம்பூரில் படம் எடுத்துக்கொள்ள வழி ஏது? 1944ஆம் ஆண்டில் எங்கள் பாட்டனார் உயிரோடு, உடையணிந்து, இந்நகரிலே நின்றிருக்கிறார்.

பிறகு அந்த ஓட்டையைப் பற்றி மூத்த அத்தையாரிடம் கேட்டோம். அவர் அப்போது சிறுமி. நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம் அம்மா அதைக் கத்தரித்து அடுப்பிலே போட்டாள். வெளியே சொல்லாதே என்றாள். இத்தனை வருசமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்றார்.

மார்பில் குத்தியிருந்த படைச்சின்னத்தைத்தான் பாட்டியார் கத்தரித்திருக்கிறார். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து இராணுவ நிர்வாகத்தை நிறுவினர். இந்திய தேசிய இராணுவத்திலும் இந்திய சுதந்திரச் சங்கத்திலும் இருந்தோரை விசாரித்தனர். சிலரைச் சிறையிலும் இட்டனர். 1946 ஆகஸ்டில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவியே அவ்வாறு சிறையிருந்தவர்தாம். தலைவருக்கே அந்நிலை என்றால், லயத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தனித்திருந்த ஒரு பெண் என்ன செய்வார்? சின்னத்தைச் சுட்டார், படத்தைக் காத்தார். கணவரின் முகத்தை மட்டும் அவரால் நெருப்பில் போட முடியவில்லை.

அத்தையார் இன்னொன்றும் சொன்னார். ஓர் இரவு தந்தையார் வந்து சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனாராம். அப்போது பிள்ளைகளுக்குப் புரியாத சொற்களைச் சொல்லிக்கொடுத்தாராம். அவற்றுள் ‘குர்பானி’ என்ற ஒரு சொல் மட்டும் நினைவில் நின்றது என்றார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளில் ‘இத்திஹாத், இத்மாத், குர்பானி’ என்பது அப்படையின் முழக்கமாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ச் சிறுமிக்கு அச்சொல் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

ஒரு படம், ஓர் எண், ஒரு சொல், ஒரு செய்தித்தாளின் தலைப்பு. இவை நான்கும் ஒன்றுசேர்ந்தபோது பாட்டியார் சொன்னது பொய்யன்று என்று விளங்கிற்று. அவரை நம்பாமலிருந்த குற்றம் எங்களுடையதாயிற்று.

வீட்டிலிருந்து தொடங்குவோம்

இனி, இதனை உங்கள் வீட்டில் எவ்வாறு செய்வது என்று பார்ப்போம். இதற்குப் பெரும்படிப்பு வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கணக்குப் புத்தகமும் போதும்.

முதலாவதாக, பெட்டியைத் திறந்து பாருங்கள். படத்தின் முன்புறத்தைவிடப் பின்புறமே மிகுதியாகப் பேசும். படநிலையத்தின் முத்திரை, எழுத்து, எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய சுதந்திரச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, நன்கொடை ரசீது, பங்கீட்டு அட்டை, கப்பற்சீட்டு, பிறப்புப் பத்திரம், 1948 முதல் வழங்கப்பட்ட பழைய அடையாள அட்டை ஆகிய எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயரும் தந்தையின் பெயரும் இருக்கும். அந்த இரண்டும் கிடைத்தால் தேடலில் பாதி முடிந்தது எனலாம்.

சாதகக் குறிப்பையும் மறவாதீர்கள். அதில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். 1942 சித்திரையில் பிறந்தது சித்திரபானு, 1943இல் சுபானு, 1944இல் தாரண, 1945இல் பார்த்திப. ‘சுபானு ஆவணியில் அப்பா போனார்’ என்று பாட்டி சொல்லியிருந்தால், அது 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களைக் குறிக்கும். நேதாஜி மலாயாவில் ஊர் ஊராகப் பேசி ஆள் திரட்டிய காலம் அது. ஆகவே பாட்டி சொன்ன மாதத்தையும் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, முதியோரைக் கேளுங்கள். 1943இல் பதினெட்டு வயதினராயிருந்தவர் இன்றிருந்தால் நூறு வயதை எட்டியிருப்பார். ஆகையால் நேரில் கண்டவர் மிகச் சிலரே. அவர்கள் சொல்லக் கேட்டவர்களே நமக்கு எஞ்சியுள்ளனர். அவர்களிடம், “தாத்தா படையில் இருந்தாரா?” என்று கேட்டால், “தெரியாது” என்று முடித்துவிடுவார்கள். “அவர் போகும்போது என்ன உடுத்தியிருந்தார்? யாரோடு போனார்? லாரியிலா, ரயிலிலா? திரும்பி வந்தாரா? வந்தபோது என்ன கொண்டுவந்தார்?” என்று சிறுசிறு கேள்விகளாகக் கேளுங்கள். வண்டியின் நிறம் நினைவுக்கு வந்தால் அதன் பின்னே மனிதரும் நினைவுக்கு வருவார். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் முதலில் அவர்களிடம் இசைவு கேளுங்கள். அச்சத்தால் வாய்மூடிய தலைமுறை அது, அவர்களை வற்புறுத்தலாகாது.

மூன்றாவதாக, தோட்டத்துப் பதிவுகள். செக்ரோல் புத்தகத்தில் ஒருவர் எந்த மாதம்வரை பேர்பெற்றார் என்பது தெரியும். ஆனால் 1950களிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர்ச் சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புத் திட்டங்களாயின. அவற்றின் புத்தகங்கள் பெரும்பாலும் அழிந்தன. அந்நிலையில் கோயிலைப் பாருங்கள். ‘உபயம்’ என்று பெயர் பொறித்த பலகை, மணி, குத்துவிளக்கு, வரவுசெலவு நோட்டு ஆகியவை நம் மக்களின் பெயர்கள் தமிழிலேயே நிலைத்திருக்கும் இடங்கள்.

நான்காவதாக, செய்தித்தாள்கள். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் முரசு உள்ளிட்ட பல பழைய இதழ்களைக் கணினியில் படிக்கும்படி வைத்திருக்கிறது. ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்பது அதன் பெயர். கோலாலம்பூரில் தேசிய நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956ஆம் ஆண்டு முதல் இந்திய ஆய்வியல் துறையும் இயங்கி வருகிறது. காப்பகத்துக்குப் போகிறவர்கள் ‘என் தாத்தாவைத் தேட வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் போதாது. தோட்டத்தின் பெயர், மாவட்டம், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

தேடும்போது பெயர் ஒரு பெருந்தொல்லை. முனியாண்டி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். இராமசாமியும் அவ்வாறே. காது கேட்டபடி கிராணி எழுதினார். எழுதியபடி அச்சுக்கோப்பவர் அச்சிட்டார். ஆகையால் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி, ‘இல்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். ஆளின் பெயர் அகப்படாவிட்டால் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். தோட்டத்துக்கும் இரண்டு பெயர் உண்டு: அலுவலகத்தில் வழங்கிய ஆங்கிலப் பெயர் ஒன்று, நாம் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. முதியோர் சொல்லும் பெயருக்கு உரிய அலுவலகப் பெயரை அறிந்த பின்னரே தேடத் தொடங்க வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து 1941, 1942 மலாயாப் போரில் மாண்டவர் உங்கள் முன்னோரானால் வழி வேறு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அவர்களின் பெயர்களைப் பதிந்து வைத்திருக்கிறது. தைப்பிங்கிலும் சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் அவ்வாணையம் பேணும் கல்லறைகள் உள்ளன. பெயரைக் கொண்டு கணினியிலேயே தேடலாம். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மடிந்தவர்களை அப்பட்டியலில் தேடிப் பயனில்லை. அவர்களைப் பற்றிய ஆவணங்களுக்குப் புதுடில்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமே முதன்மையான இடமாகும்.

அதற்கும் முன்னே வந்தவர்கள்

“எங்கள் குடும்பம் போருக்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்தது, எங்களுள்ளும் ஒரு சிப்பாய் இருந்தார்” என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அதுவும் நடந்திருக்கக்கூடியதே. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியபோதே அவருடன் இந்தியச் சிப்பாய்கள் இருந்தனர். 1795இல் மலாக்கா டச்சுக்காரரிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தபின் அங்கே இந்தியப் படையினர் தங்கினர். 1831, 1832ஆம் ஆண்டுகளில் நடந்த நானிங் போரில் சென்னைப் படைப்பிரிவுகள் பங்கேற்றன. மலாய் இலக்கியத்தில் புகழ்பெற்ற முன்ஷி அப்துல்லாவுக்கு ‘முன்ஷி’, அதாவது ஆசிரியர், என்ற பெயரைத் தந்தவர்களே மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள்தாம். அவரிடம் அவர்கள் பாடம் கேட்டனர்.

அக்காலத்துச் செய்திகளுக்குப் பினாங்கில் 1806இல் தொடங்கிய ஆங்கில இதழும், சிங்கப்பூரில் 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும், தமிழில் 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேச’னும் பயன்படும். சிங்கை நேசனை நடத்தியவர் மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம் பெரியவர் என்பதை மஸ்ஜித் இந்தியாவில் நின்றுகொண்டு நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அப்பழைய காலத்துப் பதிவுகளில் வெள்ளை அதிகாரியின் பெயர் முழுமையாக இருக்கும். சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருவார்கள். அதனால்தான் கிட்டத்து முன்னோரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்கிறோம். நேரே 1786க்குத் தாவுகிறவர் வழியில் விழுவார்.

எச்சரிக்கையாக இரண்டு சொல்

அச்சில் வந்ததெல்லாம் மெய்யன்று. ஜப்பானியர் காலத்து இதழ்கள் அவர்களின் தணிக்கைக்குப் பின்னரே வெளிவந்தன. வெற்றியைப் பெரிதாக்கினார்கள், தோல்வியை மறைத்தார்கள். 1944இல் இம்பால் முனையில் பட்ட துன்பத்தை அன்றைய தாளில் உள்ளபடி காண முடியாது. வீட்டுக் கதையும் அப்படியே. சொல்லச் சொல்லச் சிப்பாய் கேப்டனாகிவிடுவார். தாளை வீட்டோடும், வீட்டைத் தாளோடும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துச் சொல்வதை மையால் எழுதுங்கள். ஒன்று மட்டும் சொல்வதைப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

அடுத்தது, மூலப்பத்திரத்தை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பழைய படம், ரசீது, பதக்கம் ஆகியவற்றை விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. சில வெள்ளிக்கு ஆசைப்பட்டு விற்றால் உங்கள் குடும்பத்தின் ஒரே சாட்சி போய்விடும். நகல் எடுத்துக் கொடுங்கள். மூலத்தை ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில், காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். படத்தின் பின்னே பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள்.

தாயகத்தின் வரலாறு

நண்பர்களே, இது நம் இனத்தாரின் பெருமைக்காக மட்டும் செய்யும் வேலையன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் புக்கிட் சாண்டுவில் மலாய்ப் படைப்பிரிவின் லெப்டினன்ட் அட்னான் இறுதிவரை நின்று போரிட்டு மாண்டதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். சீனக் குடும்பங்களும் அப்போரில் தாங்கொணா இழப்பை அடைந்தன. ஒவ்வொரு குடும்பமும் தன் பெட்டியைத் திறந்து ஒரு தாளை முன்வைத்தால், இந்நாட்டின் வரலாறு முழுமை பெறும். நம் பங்கை நாம் வைக்காமல், ‘எங்களைப் பற்றி எழுதவில்லையே’ என்று குறைகூறிக்கொண்டிருப்பது முறையாகுமா?

எங்கள் பாட்டனார் எந்த முனையில், எந்த நாளில் மறைந்தார் என்பதை நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆயினும் ஒன்று செய்தோம். சென்ற ஆடி அமாவாசையன்று அந்தப் படத்தைச் சட்டமிட்டு மாட்டினோம். ஓட்டையை மறைக்கவில்லை, அதுவும் வரலாறுதானே! அதன் அருகே பாட்டியாரின் படத்தையும் மாட்டினோம். கீழே ஒரு தாளில் அவர்கள் இருவரின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், 1944 என்ற ஆண்டையும் எழுதினோம். பாட்டியார் சொன்ன அந்த ஒரே வரியையும் எழுதினோம். மூத்த அத்தையார் அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “குழாயடியிலே பேசினவர்கள் யாரும் இப்போது இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

பேசினவர்கள் இல்லை, ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்திலும் அப்படி ஒரு பாட்டி இருந்திருக்கலாம். அவர் சொன்னதையும் எவரும் நம்பாமல் விட்டிருக்கலாம். ஆகவே இன்றிரவு வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். படத்தைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவர் அருகில் அமர்ந்து, “போகும்போது அவர் என்ன உடுத்தியிருந்தார்?” என்று கேளுங்கள்.